ஜெர்கினில் ஒட்டிக்கொண்ட ஊர்ப் பெயர்

மலையேறப் போகிறவர்கள் என்ன உடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதும்போது பட்டகோனியா என்ற அமெரிக்க உடுப்புக் கம்பெனியின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என்ன பெயர், யார் வைத்தது, அப்படி எழுதுவது சரியா என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கும் ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கோவை வாசகி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு ஜெர்கின் வாங்கி வந்தான். நெஞ்சுப் பக்கம் சின்னதாக ஒரு மலைப் படமும் பட்டகோனியா என்ற எழுத்தும் இருக்கின்றன. அது முதலாளியின் பெயரா, ஊர்ப் பெயரா? என் கணவர் காலையில் வாக்கிங் போகும்போது கூட வருகிறவர்கள் கேட்கிறார்களாம், பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: ஊர்ப் பெயர்தான் அம்மா. ஊர் என்றால்கூடப் போதாது, ஒரு பெரிய நிலத்தின் பெயர். தென் அமெரிக்கா கீழே போகப் போகக் குறுகி ஒரு வால் போல முடிகிறது இல்லையா, அந்த வால் பகுதிதான் பட்டகோனியா. தனி நாடு கிடையாது. ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பது அர்ஜென்டினாவுக்கு, மேற்கே இருப்பது சிலிக்கு. மொத்தம் சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஏழெட்டு மடங்கு. ஆனால் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. மணிக்கணக்கில் வண்டி ஓட்டினாலும் எதிரில் யாரும் வராத சாலைகள் உண்டு.

நீங்கள் கோவையில் இருப்பதால் அந்த ஊர்க் காற்றை உங்களுக்குச் சொல்வது சுலபம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிப் பல்லடம், தாராபுரம் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வந்து சேர்கிறது. அங்கேயும் மேற்கிலிருந்து, பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரத்தை ஆண்டிஸ் மலை வாங்கிக்கொள்கிறது. அதனால் சிலிப் பக்கம் காடும் பனியாறும் ஏரியுமாக இருக்கும்போது, அர்ஜென்டினாப் பக்கம் முட்புதரும் வறண்ட புல்வெளியுமாகக் கிடக்கிறது. காற்று மட்டும் மலையைத் தாண்டி வந்து ஆளைத் தள்ளுகிறது. நம் ஆடிக் காற்றைப் போலப் பல மடங்கு வேகம், அதோடு பனிக்குளிர்.

அப்புறம் அந்தப் படம். ஜெர்கினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழே கறுப்பாகப் பல் பல்லாக ஒரு மலைத்தொடர், அதற்கு மேலே ஊதா, ஆரஞ்சு, நீலம் என்று பட்டை பட்டையாக வானம். அது கற்பனை மலை இல்லை. நடுவில் எல்லாவற்றையும் விட உயரமாக நிற்பது ஃபிட்ஸ்ராய் சிகரம், 3,400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லைதான். ஆனால் ஏறக் கடினமான மலைகளில் ஒன்று என்று மலையேறிகள் மரியாதையோடு சொல்வார்கள். 1952இல்தான் மனிதன் அதன் உச்சியில் முதன்முதலில் கால் வைத்தான். உங்கள் கணவரிடம் யாராவது கேட்டால் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பட்டகோனியா என்றால் 'பெரிய பாதம் உடையவர்களின் நாடு' என்று மாணவர்களுக்குப் பல வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது சரிதானா?

பதில்: ஐயா, உங்களைப் போலத்தான் உலகம் முழுக்க நானூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தார்கள். கதை இதுதான். 1520 மார்ச் கடைசியில் மெகல்லனின் கப்பல்கள் இன்றைய அர்ஜென்டினாவின் தெற்குக் கரையில் சான் ஹூலியான் என்ற வளைகுடாவில் குளிர்காலத்தைக் கழிக்க நங்கூரம் போட்டன. அங்கே கரையில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த மிக உயரமான ஒரு மனிதனைப் பார்த்ததாகவும், தங்கள் தலை அவன் இடுப்பளவுதான் எட்டியதாகவும் கப்பலில் இருந்த பிகஃபெத்தா என்ற இத்தாலியர் குறிப்பு எழுதி வைத்தார். அந்த மக்களுக்கு மெகல்லன் வைத்த பெயர் பத்தகோன். அவர்கள் இருந்த நிலம் பட்டகோனியா ஆனது.

ஸ்பானிய மொழியில் 'பத்தா' என்றால் விலங்கின் கால். அங்கிருந்தவர்கள் குவனாக்கோ என்ற ஒட்டக இன விலங்கின் தோலைக் காலில் சுற்றிக்கொள்வார்கள், தடம் பெரிதாக விழும். இரண்டையும் சேர்த்துப் பெரிய பாதம் என்று பொருள் சொல்லிவிட்டார்கள். சிக்கல் எங்கே என்றால், 'பத்தா'வோடு ஒட்டியிருக்கும் 'கோன்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'பெரிய' என்ற பொருள் இல்லை. 1512இல் ஸ்பெயினில் வெளியான பிரிமலேயோன் என்ற வீரசாகசக் கதையில் பத்தகோன் என்றே ஒரு காட்டு மனிதன், பாதி விலங்கு பாதி மனிதன் போன்ற ஒரு பாத்திரம் வருகிறது. அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் இந்த மாதிரிக் கதைகளில் ஊறியவர்கள். ஆகவே அந்தக் கதையிலிருந்துதான் பெயரை எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

உயரக் கதை எவ்வளவு தூரம் போயிற்று என்றால், பழைய வரைபடங்களில் அந்த இடத்தில் 'அரக்கர் நாடு' என்றே லத்தீனில் எழுதிவைத்தார்கள். 1834இல் அங்கே போன டார்வின் நேரில் பார்த்துவிட்டு, சராசரியாக ஆறடி இருப்பார்கள், தோளில் போர்த்திய குவனாக்கோ தோலும் நீளமான முடியும் ஆளை இன்னும் பெரிதாகக் காட்டுகின்றன என்று எழுதினார். அவ்வளவுதான் விஷயம். ஆறடி ஆளை அரக்கனாக்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த மக்கள் தங்களைப் பத்தகோன் என்று சொல்லிக்கொண்டதே கிடையாது. அவர்கள் அவோனிகென்க், அவர்கள் வாயில் அதற்குப் பொருள் தெற்கத்தியர், அவ்வளவுதான். பக்கத்து இனத்தார் அவர்களைத் தெவெல்சே என்றார்கள், புத்தகங்களில் இந்தப் பெயர்தான் அதிகம். அம்மை, சாராயம், நிலப் பறிப்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் அவர்கள் தேய்ந்துபோனார்கள். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி 2019 ஜனவரியில் இறந்தார். ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அந்த மொழியைத் திரும்பக் கற்க முயல்கிறார்கள். யாரோ வைத்த பட்டப்பெயர் உலகத்தின் எல்லாக் கடைத்தெருவிலும் தொங்குகிறது, அவர்களே வைத்துக்கொண்ட பெயரை உச்சரிக்க ஆள் இல்லாமல் போயிற்று. மாணவர்களுக்கு இனி சொல்லிக் கொடுப்பவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா.

மதுரை கல்லூரி மாணவர்: அர்ஜென்டினாவில் இருக்கும் ஊர்ப் பெயரை அமெரிக்கக் கம்பெனிக்கு ஏன் வைத்தார்கள்? அங்கே தொழிற்சாலை இருந்ததா?

பதில்: தொழிற்சாலை எதுவும் இல்லை தம்பி. கம்பெனி ஆரம்பித்தது கலிஃபோர்னியாவில் வென்சுரா என்ற கடற்கரை ஊரில், 1973இல். ஆரம்பித்தவர் ஈவான் ஷுனார்ட். அவர் அடிப்படையில் ஒரு கொல்லர். பத்தொன்பது வயது வாக்கில் பழைய உலையும் பட்டறைக்கல்லும் வாங்கி, பாறை இடுக்கில் அடித்து அதில் கயிறு மாட்டி ஏறுகிற இரும்பு ஆணிகளைத் தானே அடித்து, காரின் டிக்கியில் வைத்து ஒன்று ஒன்றரை டாலர் என்று விற்றவர். அந்த ஆணிகளைத் திரும்பத் திரும்ப அடித்துப் பிடுங்கியதால் பாறையே சிதைகிறது என்று பார்த்ததும், நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்தச் சரக்கையே நிறுத்தத் தொடங்கி, சுத்தியல் இல்லாமல் கையால் செருகி எடுக்கக்கூடிய அலுமினியத் துண்டுகளுக்கு மாறினார். இதை முதலில் சொல்லக் காரணம், பின்னால் வரும் பதில்களில் இந்த ஆளின் குணம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

1968இல் அவரும் சில நண்பர்களும் ஒரு ஃபோர்டு வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து கீழே கீழே என்று ஓட்டிக்கொண்டே போனார்கள். வழியில் கடலில் அலைச்சறுக்கு, மலையில் பனிச்சறுக்கு, கடைசியில் ஃபிட்ஸ்ராய். மலை அடிவாரத்துக்குப் போனால் புயல். பனியில் குகை தோண்டி உள்ளே உட்கார்ந்தார்கள். மொத்தமாகக் கணக்குப் போட்டால் 31 நாள் பனிக்குகையில். ஷுனார்டுக்கு முப்பது வயது முடிந்ததே அந்தக் குகைக்குள்தான். டிசம்பரில் ஒருவழியாக வானம் திறக்க, புது வழியொன்றில் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். அந்த வழிக்குக் 'கலிஃபோர்னியர் வழி' என்றே பெயர். அந்த வேனில் இருந்த இன்னொருவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ், இரண்டு வருடம் முன்பு சான் ஃபிரான்சிஸ்கோவில் தி நார்த் ஃபேஸ் கடையைத் தொடங்கியவர். ஆக, இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த இரண்டு மலை உடுப்புக் கம்பெனிகளைத் தொடங்கியவர்கள் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள்.

ஊர் திரும்பிச் சில வருடத்தில் ஷுனார்ட் துணி விற்கத் தொடங்கினார். ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்ட ஒரு ரக்பி சட்டை, அதன் கெட்டிக் காலர் கயிறு கழுத்தை அறுக்காமல் காத்தது, எங்கே வாங்கினாய் என்று எல்லாரும் கேட்டார்கள், அப்படித் தொடங்கிய வியாபாரம். ஆணிக்கு வைத்திருந்த தன் பெயரைத் துணிக்கும் வைத்தால் இரண்டும் குழம்பும், மலையேறிகளுக்கு மட்டுமான துணி என்றும் நினைத்துவிடுவார்கள். அதனால் வேறு பெயர் தேடியபோது பனியாறும் காற்றும் மலைப்பருந்தும் கண்ணில் நிற்கும் அந்தத் தூர தேசத்தின் பெயர் வந்து பொருந்தியது. எல்லா மொழிக்காரர்களும் சுலபமாக உச்சரிக்கலாம் என்பது கூடுதல் காரணம்.

சிங்கப்பூர் வாசகர்: பாடப்புத்தகத்தில் படகோனியா, செய்தித்தாளில் படகோனியா, நீங்கள் மட்டும் பட்டகோனியா. எது சரி?

பதில்: ஒற்றை ட போட்டால் நம் வாய் தானாக அதை மெலிதாக, படகு என்பதில் வருகிற ஒலியாகச் சொல்லிவிடும். அந்தப் பெயரில் இருப்பது வல்லோசை. எனவே தமிழ் முறைப்படி இரட்டித்து பட்டகோனியா. அமெரிக்கர்கள் முதல் எழுத்தை இழுத்துப் பேட்டகோனியா என்பார்கள். ஆனால் அந்த மண்ணில் பேசுவது ஸ்பானியம், அதில் நாக்கு மேலண்ணத்துக்குப் போகாமல் பல்லைத் தொடும், நம் 'பத்து' என்பதில் வருகிற அதே ஒலி. அப்படிப் பார்த்தால் பத்தகோனியா என்று எழுதுவதுதான் அந்த ஊர்க்காரர் வாய்க்கு மிக நெருக்கம், ஆங்கிலத்தில் எழுதிக் காட்டவே முடியாததைத் தமிழில் அப்படியே எழுதிவிடலாம். நிலத்தைச் சொல்லும்போது பத்தகோனியா, கடைச் சரக்கைச் சொல்லும்போது பட்டகோனியா என்று பிரித்து எழுதலாமா என்றுகூட யோசித்தேன். படிப்பவர்கள் இரண்டு வேறு பெயர் என்று நினைப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து ஒரு பிழைதிருத்துநர்: "அவர் நீல நிறப் பட்டகோனியா அணிந்திருந்தார்" என்று ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் வந்தது. ஜாக்கெட் என்று திருத்தலாமா?

பதில்: அமெரிக்காவில் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், பையை மாட்டினேன் என்பது போலப் பட்டகோனியாவை மாட்டினேன் என்பார்கள். நாம் பேட்டா போட்டுக்கொண்டு போனேன் என்று செருப்பைச் சொன்னவர்கள்தானே. அதனால் அது பிழை கிடையாது. ஆனால் தமிழில் படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்றால் 'பட்டகோனியா ஜெர்கின்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் ஜாக்கெட் என்றால் புடவைக்குப் போடுகிற ரவிக்கை. ஆண்கள் குளிருக்குப் போடுவதை டீக்கடையிலிருந்து துணிக்கடை வரை ஜெர்கின் என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சொல் ஆங்கிலேயரிடம் கையில்லாத தோல் சட்டையைக் குறித்தது, நம்மிடம் வந்து கை முளைத்து, ஜிப் வைத்து, நம் சொல்லாகவே ஆகிவிட்டது. கூச்சப்படாமல் எழுதுங்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் இப்படிப் பெயரையே பொருளாகச் சொல்வதில் ஒரு பயம் உண்டு. பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டால் உரிமை போய்விடும். ஆஸ்பிரின், எஸ்கலேட்டர், தெர்மோஸ் எல்லாம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் தனியார் பெயர்கள், வழக்கில் உரிமை இழந்தவை. நாம் ஜெராக்ஸ் எடுக்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கம்பெனியின் வக்கீலுக்கு அடிவயிறு கலங்கும். கதை எழுதுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஈரோடு வழக்கறிஞர்: ஒரு ஊரின் பெயரை ஒரு வியாபாரி எப்படித் தனக்கு மட்டும் என்று பதிவு செய்துகொள்ள முடியும்? அந்த ஊர்க்காரர் கேட்க மாட்டார்களா?

பதில்: கேட்டார்கள் சார், அதைத்தான் சொல்ல நினைத்தேன். முதலில் சட்டம், உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும் பெயரைத் தனி ஒருவர் வணிகக் குறியாகப் பதியக் கூடாது என்று நம் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவே சொல்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரை ஒரே கடைக்காரர் எடுத்துக்கொண்டால் காஞ்சிபுரத்து நெசவாளர் எங்கே போவார்? அதனால்தான் அதற்குப் புவிசார் குறியீடு, அது ஊருக்குப் பொது. ஆனால் மலை உடுப்புக்கும் பட்டகோனியாவுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு இல்லை, அந்த ஜெர்கின் அங்கே தைக்கப்பட்டது என்று வாங்குகிறவர் நினைப்பதில்லை. அப்படித் தற்செயலாக ஒட்டிய ஊர்ப் பெயரை உலகத்தில் பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. அமேசான் நதியின் பெயர் இப்படித்தான் போயிற்று.

சரி, தைத்த துணியில் பெயர் போடுவது வரைக்கும் அங்கிருப்பவர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. 2012இல் நடந்தது வேறு. இணைய முகவரியின் கடைசியில் டாட் காம், டாட் இன் என்று வருகிறது இல்லையா, அந்த இடத்தில் புதுப் பெயர்களைப் பதிந்துகொள்ளலாம் என்று அந்த வருடம் கதவைத் திறந்தார்கள். கம்பெனி 'டாட் பட்டகோனியா' வேண்டும் என்று விண்ணப்பித்தது. அது கிடைத்திருந்தால் உலகத்தில் அந்த முடிவைக் கொண்ட எந்த முகவரியும் அவர்கள் கையில். பட்டகோனியாவில் ஒரு விடுதி நடத்துகிறவர், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாகாண அரசாங்கம் தன் சொந்த நிலத்தின் பெயரில் முகவரி வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவில் போய் நிற்க வேண்டும். அர்ஜென்டினா உடனே எதிர்ப்புத் தெரிவித்தது, சிலியும் சேர்ந்துகொண்டது. 2013இல் கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. 'டாட் அமேசான்' கேட்டவர்கள் நதிக்கரை நாடுகளின் எதிர்ப்பையும் மீறிப் பல வருடம் நின்று கடைசியில் வாங்கியே விட்டார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால், விலகிக்கொண்டது மரியாதையான காரியம்.

என் கருத்து இதுதான். ஊர்ப் பெயர் என்பது இரவல் நகை மாதிரி. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம், நன்றாகவும் இருக்கும், கொடுத்தவருக்கும் சந்தோஷம். பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால்தான் தப்பு. துணியில் போட்டது இரவல், முகவரியில் கேட்டது பூட்டு.

சேலம் வாசகர்: நார்த் ஃபேஸ், கொலம்பியா, கெச்சுவா இவையும் ஊர்ப் பெயர்களா?

பதில்: நார்த் ஃபேஸ் ஒரு திசை. வட அரைக்கோளத்தில் மலையின் வடக்கு முகத்தில் வெயில் குறைவாகப் படும், பனி உருகாது, ஏறுவது மிகக் கடினம். சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகத்தில் பலர் செத்த பிறகுதான் 1938இல் முதன்முதலில் ஏறி முடித்தார்கள். பட்டகோனியாவில் இதே கணக்குத் தலைகீழ், அங்கே குளிர்ந்த முகம் தெற்கு. கொலம்பியா என்பது அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் அங்கே ஒரு தொப்பிக் கடையை வாங்கி ஆற்றின் பெயரை வைத்தது. நீங்கள் கேட்காத இன்னொரு மலை உடுப்புப் பெயர் ஃபியால்ராவென், அதற்கு ஸ்வீடிய மொழியில் பனிநரி என்று பொருள்.

கெச்சுவாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் டெக்கத்லான் கடையில் பையும் ஷூவும் கூடாரமுமாக நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் பெயர் அது. பிரான்ஸ் கம்பெனி, வைத்தது பெரு, பொலிவியா, எக்வடார் மலைகளில் வாழும் மக்களின் பெயர். இன்கா அரசின் மொழி கெச்சுவா. இன்றைக்கும் பல லட்சம் பேர் பேசுகிற உயிருள்ள மொழி, பெருவில் ஆட்சிமொழிகளில் ஒன்று. அவர்கள் அதை ரூனா சிமி என்பார்கள், மனிதர் பேச்சு என்று பொருள். யாரோ ஒருவர் 'தமிழ்' என்று பெயர் வைத்து மழைக்கோட்டு விற்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், பையை முதுகில் மாட்டும்போது அந்த மக்களையும் ஒரு தடவை நினைத்துக்கொள்வோம்.

ஊட்டி வாசகி: பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்த நிலத்துக்கு ஏதாவது திருப்பிச் செய்தார்களா?

பதில்: செய்திருக்கிறார்கள், அதுவும் பெரிதாக. அந்த வேனில் போன டாம்ப்கின்ஸ் பின்னாளில் வியாபாரத்தை விட்டுவிட்டு, சிலிக்கே குடிபோய், விற்ற பணத்தில் காடும் மேய்ச்சல் நிலமுமாக வாங்கத் தொடங்கினார். அவர் மனைவி கிறிஸ்டின், ஷுனார்டின் கம்பெனியை ஆரம்ப காலத்திலிருந்து நடத்திய தலைமை அதிகாரி. வேலையை விட்டுவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். ஆடு மேய்ந்து தேய்ந்த நிலத்தில் வேலிக் கம்பிகளைப் பிடுங்கினார்கள், குவனாக்கோ கூட்டங்கள் திரும்ப வந்தன. வெளிநாட்டான் எதற்கு இவ்வளவு நிலம் வாங்குகிறான் என்று உள்ளூரில் பலமான சந்தேகம் இருந்தது, இருந்ததில் தப்பில்லை. 2015 டிசம்பரில் பட்டகோனியாவின் ஒரு ஏரியில் காற்றில் படகு கவிழ்ந்து, குளிரில் உடல் விறைத்து டாம்ப்கின்ஸ் இறந்தார். அந்தப் பயணத்தில் ஷுனார்டும் கூட இருந்தார். 2018 ஜனவரியில் கிறிஸ்டின் சுமார் 10 லட்சம் ஏக்கரைச் சிலி அரசிடம் எழுதிக் கொடுத்தார், அரசும் தன் நிலத்தைச் சேர்த்துத் தேசியப் பூங்காக்கள் அமைத்தது. அதில் ஒன்றின் பெயரே பட்டகோனியா தேசியப் பூங்கா.

கம்பெனி தன் பங்குக்கு 1980களிலிருந்து வருமானத்தில் ஒரு பகுதியைச் சூழல் வேலைகளுக்குக் கொடுத்து வருகிறது. 2011இல் கூட்டம் அலைமோதும் தள்ளுபடி நாளில் நியூயார்க் டைம்ஸில் தன் ஜெர்கின் படத்தையே போட்டு, 'இதை வாங்காதீர்கள்' என்று விளம்பரம் கொடுத்தது. அந்த ஒன்றைத் தைக்க 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். 2022இல் ஷுனார்ட் குடும்பம் கம்பெனியையே கொடுத்துவிட்டது: வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்கு ஒரு அறக்கட்டளைக்கு, மீதி 98 சதவீதம் சூழலுக்காக உழைக்கும் ஒரு அமைப்புக்கு. பாறையைச் சிதைக்கிறது என்று ஆணி விற்பதை நிறுத்திய அதே ஆள்தான்.

தடுமாறிய இடமும் உண்டு. சில வருடம் அதே பட்டகோனியா மண்ணில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியை வாங்கினார்கள், பெயரும் சரக்கும் ஒரே ஊர் என்று கேட்கவே நன்றாக இருந்தது. 2015இல் அங்கே ஆடுகளைக் கொடூரமாக நடத்துவதைக் காட்டும் வீடியோ ஒன்று வெளிவர, வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனையும் நிலத்துக்கு, மரத்துக்கு, குவனாக்கோவுக்கு. பெயருக்குக் காரணமான அந்த மக்களுக்கு, அவர்கள் மொழிக்கு என்று பார்த்தால் கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதை நான் குறையாகவே சொல்கிறேன். கம்பெனியின் மீது மதிப்பு இருப்பதால்தான் எதிர்பார்க்கவும் தோன்றுகிறது.

புதுச்சேரி வாசகர்: அந்தப் படத்தில் இருக்கும் மலையை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. அர்ஜென்டினாவில் எல் சால்தேன் என்று ஒரு சின்ன ஊர், 1985இல் உருவானது, மலை அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போகலாம், கயிறு ஏதும் வேண்டாம். சிகரத்துக்கு நேர் கீழே ஒரு ஏரி இருக்கிறது, போக மட்டும் சுமார் 10 கிலோமீட்டர், கடைசி ஒரு கிலோமீட்டர் நல்ல செங்குத்து. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே கோடை. விடிகிற நேரத்தில் வெயில் முதலில் உச்சிப் பாறையில் பட்டு ஆரஞ்சாகப் பற்றிக்கொள்ளும், கொஞ்ச நேரம்தான். துணியில் தைத்திருக்கும் அந்த வண்ணப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போது தெரியும்.

ஒன்று மட்டும் தயாராக இருங்கள், மேகம். பெரும்பாலான நாட்கள் உச்சியைச் சுற்றிப் புகை போல நின்றுகொண்டே இருக்கும், எரிமலை என்றே பலர் நம்பியிருக்கிறார்கள். ஃபிட்ஸ்ராய் என்பது 1877இல் அர்ஜென்டின ஆய்வாளர் மொரேனோ, டார்வின் போன கப்பலின் கேப்டன் நினைவாக வைத்த பெயர். அதற்கு எவ்வளவோ முன்பே தெவெல்சே மக்கள் அந்த மலைக்கு வைத்த பெயர் சால்தேன், புகைகிற மலை. ஊர்ப் பெயராக அது இன்னும் பிழைத்திருக்கிறது. நீங்கள் போனால், வழி கேட்கும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.